கையெழுத்துப் போடும் முன்: கணினி அறை விதிகளின் வரலாறு

போன வாரம் முதலாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருவர் வாட்ஸப்பில் ஒரு படிவத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கல்லூரிக் கணினி அறையையும் வைஃபையையும் பயன்படுத்துவதற்கான விதிகள். இரண்டு பக்கம், கடைசியில் மாணவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து. "நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் எதையும் பதிவிட மாட்டேன்" என்று ஒரு வரி. "நிர்வாகம் எந்த நேரத்திலும் என் கணக்கைச் சோதிக்கலாம்" என்று இன்னொரு வரி. கீழே அவர் கேட்டிருந்தார்: "அண்ணா, இதுல கையெழுத்துப் போடலாமா? போடலைன்னா பாஸ்வேர்டு தர மாட்டாங்களாம். அப்பாவும் கையெழுத்துப் போடணும், அவருக்கு இது என்னன்னே புரியல."

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் படிவத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் கையெழுத்துப் போடுவதும் தவறு, போடாமல் முறைத்துக்கொண்டு நிற்பதும் தவறு. அந்தத் தங்கைக்கும், அவரைப் போல இந்த ஆண்டு கல்லூரிக்குள் நுழைந்திருக்கும் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன்.

பானையும் குளமும்

பொதுவான ஒன்றை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்ற விதி நமக்குப் புதிதல்ல. கணினிக்கு நூறு ஆண்டு முன்பே நம் பாட்டன்மார் அதைப் பார்த்துவிட்டார்கள்.

சதாராவில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது அண்ணல் அம்பேத்கர் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணிச் சாக்கில்தான் உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது, பள்ளி பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடே இருக்க வேண்டியதுதான். அந்தச் சிறுவன் பள்ளியில் சேர்க்கப்பட்டிருந்தான். பள்ளியில் குழாயும் இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. ஆனால் அவனுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இன்னொருவரின் கை இருந்தது. 'அனுமதி' என்ற சொல்லின் பொருள் அதுதான்.

1923-ல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுக் கிணறு, குளம், பள்ளி எல்லாம் தீண்டப்படாத மக்களுக்கும் உண்டு என்றது அது. அடுத்த ஆண்டே மகாடு நகராட்சி சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனால் போய் அள்ளிக் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து போய்க் குடித்தபோதுதான் அந்த விதிக்கு உயிர் வந்தது. உடனே அடி விழுந்தது, குளத்துக்குத் 'தீட்டு' கழிக்கப்பட்டது, அது பொதுக் குளமே இல்லை என்று வழக்கும் போடப்பட்டது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வர 1937 ஆனது.

நம் மாகாணத்திலும் இதே கதைதான். 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலை, கிணறு, குளம், பொது இடங்கள் அனைத்தையும் ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அது நிறைவேறியது, அரசிதழிலும் வந்தது. அந்தத் தீர்மானம் இன்னும் போய்ச் சேராத தெருக்கள் எவை என்று உங்கள் ஊரிலேயே உங்களுக்குத் தெரியும்.

இந்த அனுபவத்திலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். விதியை எழுதியது யார்? காகிதத்தில் இருக்கும் உரிமை நடப்பில் இருக்கிறதா? மீறல் என்று முடிவுசெய்வது யார்? இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கணினி அறைக்குள் போவோம்.

வலைக்குள் யார் இருந்தார்கள்?

இணையம் பிறந்தபோதே விதிகளும் உடன் பிறந்தன. அமெரிக்காவில் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1980-களில் பல்கலைக்கழகங்களை இணைத்து என்எஸ்எஃப்நெட் என்ற வலையை அமைத்தது. அது அரசுப் பணம். அதனால் அந்த வலை வெளிப்படையான ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் மட்டுமே, சொந்த வியாபாரத்துக்கு அல்ல என்று ஒரு பயன்பாட்டு விதி எழுதினார்கள். 1995 ஏப்ரலில் அந்த வலை மூடப்பட்டு, தனியார் நிறுவனங்களின் கையில் இணையம் போகும்வரை அந்த விதி இருந்தது. பொதுப்பணம் பொதுநலனுக்கு என்ற நியாயம் அதில் இருந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் 1986-ல் எர்நெட் தொடங்கியது. மின்னணுவியல் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து செய்தது. அதில் முதலில் இருந்தவை ஐந்து ஐஐடிகள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், பம்பாயில் இருந்த ஒரு மென்பொருள் மையம், டெல்லியில் அந்தத் துறை, அவ்வளவுதான். பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. இடையில் இருந்த அந்த ஒன்பது ஆண்டுகளை யோசித்துப் பாருங்கள். ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இட ஒதுக்கீடு வந்ததே 1973-ல்தான். நம்மில் எத்தனை பேர் அந்த அறைகளுக்குள் இருந்திருப்போம்? வலையின் பழக்கங்களும் சொற்களும் விதிகளும் உருவான அந்தக் காலத்தில், ஊர் உள்ளே இருந்தது, சேரி வெளியே இருந்தது. 'பயனர்' என்ற சொல்லை முதலில் எழுதியவர்களின் மனதில் இருந்த ஆள் நாம் அல்ல.

பள்ளிக்குள் வந்த கதவும் கேமராவும்

1990-களில் அமெரிக்கப் பள்ளிகளுக்குள் இணையம் வந்தது. கூடவே பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திடும் படிவமும் வந்தது. நம் தங்கை அனுப்பிய படிவத்தின் மூதாதை அது. 2000 டிசம்பரில் அங்கே குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இணையக் கட்டணத்தில் அரசுச் சலுகை பெறும் பள்ளிகள் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி வைக்க வேண்டும், பாதுகாப்பு விதிகளையும் எழுத வேண்டும். இந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் அம்சம் உண்டு. விதிகளை ஏற்கும் முன் மக்களுக்கு அறிவித்து, குறைந்தது ஒரு பொதுக் கூட்டமாவது நடத்த வேண்டும் என்கிறது அது. நம் கல்லூரியில் அந்த இரண்டு பக்கப் படிவத்தை எழுதும் முன் யாரைக் கூட்டிக் கேட்டார்கள்?

கூட்டம் நடத்தினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. மிசௌரி மாநிலத்தில் கேம்டன்டன் என்ற பள்ளி மாவட்டம். அங்கே வைத்திருந்த வடிகட்டி, தன்பாலின ஈர்ப்புள்ள மாணவர்களுக்கு ஆதரவாகப் பேசும் தளங்களைத் தடுத்தது. அவர்களை இழிவாகப் பேசும் தளங்களை விட்டுவிட்டது. ஆபாசத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லி ஒரு தரப்பின் வாயை அடைத்தார்கள். வழக்கு போனது. 2012 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்த வடிகட்டலை நிறுத்த உத்தரவிட்டது. வடிகட்டி ஒரு இயந்திரம், அதற்குச் சார்பு கிடையாது என்று யாராவது சொன்னால் கேம்டன்டனைச் சொல்லுங்கள். எந்தத் தளம் எந்தப் பட்டியலில் என்று தீர்மானித்தது மனிதர்கள்.

அதே நாட்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம், தன் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தது. திருடு போனால் கண்டுபிடிக்க என்று, தூரத்திலிருந்தே கேமராவை இயக்கும் மென்பொருளையும் உள்ளே வைத்தது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அதைச் சொல்லவில்லை. 2009 நவம்பரில் ஒரு மாணவரை அழைத்து, வீட்டில் நீ தவறு செய்கிறாய் என்று விசாரித்தார்கள். ஆதாரம், அவர் அறையில் அவர் மடிக்கணினியே எடுத்த படம். போதை மாத்திரை என்று பள்ளி நினைத்தது வெறும் மிட்டாய் என்றது குடும்பம். காப்பீட்டுக் கட்டணம் கட்டாமல் அந்த மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுபோனதால்தான் கண்காணிப்பு இயக்கப்பட்டது என்பது பள்ளித் தரப்பின் விளக்கம். விசாரித்தபோது, பல மாணவர்களின் கணினிகளிலிருந்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 2010 அக்டோபரில் 6 லட்சத்து 10 ஆயிரம் டாலர் கொடுத்து மாவட்டம் சமரசம் செய்துகொண்டது.

அது வசதியான பகுதி. வழக்கறிஞர் வைக்க முடிந்த பெற்றோர். 2011-லிருந்து தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லட்சக்கணக்கானோருக்கு இலவச மடிக்கணினி வந்தது. நம் தெருவுக்குள் முதல் கணினி நுழைந்ததே பல வீடுகளில் அப்படித்தான். அது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்த கணினியில் என்ன இருக்கிறது, யார் பார்க்கலாம், பார்த்தால் யாரிடம் முறையிடுவது என்று கேட்கும் பழக்கமும் அதனுடன் சேர்ந்து வந்திருக்க வேண்டும். இலவசமாக வாங்கியவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை என்பது ஆண்டைகளின் வாதம். அது வரிப்பணம், நம் பணம்.

கோழிக்கோட்டில் ஒரு மாணவி

இனி நம் அருகில் நடந்த வழக்கு. 2019-ல் கேரளத்தில் கோழிக்கோடு மாவட்டத்தின் ஒரு கல்லூரி. பெண்கள் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும் என்று விதி. இளங்கலை மாணவிகளுக்கு மடிக்கணினியும் கூடாது. படிப்பு நேரம், ஒழுக்கம், பெற்றோர் விருப்பம் என்று காரணங்கள். பி.ஏ. ஆங்கிலம் படித்த ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அவர் உயர் நீதிமன்றம் போனார்.

2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா தீர்ப்பளித்தார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் பகுதி, அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமையின் பகுதி என்றார். மாணவியை விடுதியில் மீண்டும் சேர்க்கச் சொன்னார். அந்தத் தீர்ப்பு 'விதியே கூடாது' என்று சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒருவருடைய போனால் மற்றவருக்குத் தொந்தரவு என்றால் விடுதி கவனிக்கலாம், புகார் வந்தால் நடவடிக்கை எடுக்கலாம் என்றது. எல்லாரையும் சந்தேகித்து எல்லார் கையிலிருந்தும் பிடுங்குவதைத்தான் ஏற்கவில்லை. நல்ல விதிக்கும் கெட்ட விதிக்கும் வித்தியாசம் இங்கேதான். நல்ல விதி செய்த தவறைக் கேட்கும். கெட்ட விதி ஆளையே தவறாகப் பார்க்கும்.

இந்தத் தீர்ப்பு வந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2020 ஜூன் 1. ஊரடங்கு. கேரளத்தில் இணையவழி வகுப்பு தொடங்கிய முதல் நாள். மலப்புரம் மாவட்டத்தில் 9ஆம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அப்பா கூலித் தொழிலாளி. வீட்டு டிவி பழுது. ஸ்மார்ட்போன் இல்லை. படிப்பு விட்டுப்போய்விடும் என்று அவள் கவலைப்பட்டதாகக் குடும்பம் சொன்னது. இணைய அணுகல் உரிமை என்று உயர் நீதிமன்றம் அறிவித்த அதே மாநிலம். மகாடு குளம் 1924-ல் 'திறந்த' மாதிரிதான் இதுவும். அந்தக் காலத்தில் நாட்டின் நிலை என்னவென்றால், 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி கணினி இருந்த வீடுகள் 100-க்கு 11 பேர் வீடுகூட இல்லை, இணைய வசதி இருந்தவை 100-க்கு 24 வீடுகள். நான்கில் மூன்று வீட்டில் இணையம் இல்லாத நாட்டில், பள்ளிக் கணினி அறையின் பூட்டு யார் கையில் என்பது சின்ன விஷயமா?

துண்டிக்கும் கை

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை நாம் மறக்க மாட்டோம். ரோகித் வெமுலாவும் நான்கு தோழர்களும் விடுதியிலிருந்தும் பொது இடங்களிலிருந்தும் விலக்கப்பட்டார்கள். 2016 ஜனவரியில் வளாகத்துக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கினார்கள், அதற்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று பொருள். ஜனவரி 17 அன்று ரோகித் நம்மை விட்டுப் போனார். மார்ச் 22 அன்று துணைவேந்தர் மீண்டும் பொறுப்பேற்க வந்தபோது போராட்டம், தடியடி, கைது. அடுத்து விடுதிகளில் உணவும் தண்ணீரும் மின்சாரமும் இணையமும் நிறுத்தப்பட்டதாக மாணவர்கள் சொன்னார்கள், செய்திகளும் வந்தன. அந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். உணவு, தண்ணீர், மின்சாரம், இணையம். ஊர்விலக்கம் செய்யும் ஆதிக்க சாதிப் பஞ்சாயத்து எதையெல்லாம் நிறுத்துமோ, அந்தப் பட்டியலில் இணையமும் சேர்ந்துவிட்டது.

சென்னை ஐஐடியில் 2015 மே மாதம் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தபோது சொன்ன காரணம், சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பது. என்ன சலுகை, எந்த வரி, எப்படித் தவறு என்று நாடே கேட்டது. ஜூன் மாதம் அங்கீகாரத்தைத் திருப்பித் தந்தார்கள். 'தவறான பயன்பாடு', 'களங்கம்', 'ஒழுங்கீனம்' போன்ற சொற்கள் ரப்பர் மாதிரி. இழுப்பவர் கைக்கு வசதியாக நீளும்.

இதே மாதிரிச் சொற்களால் ஒரு சட்டப் பிரிவே விழுந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, இணையத்தில் 'எரிச்சலூட்டும்', 'அசௌகரியம் தரும்' செய்தி அனுப்பினால் சிறை என்றது. எது எரிச்சல், யாருக்கு அசௌகரியம் என்று தெளிவே இல்லை, பேச்சுரிமைக்கு இது எதிரானது என்று 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் அதை ரத்து செய்தது. நாடாளுமன்றம் எழுதினாலும் செல்லாது என்று ஆன சொற்கள், கல்லூரிப் படிவத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன.

படிவத்தில் இல்லாத வரி

இவ்வளவு சொன்னதால் விதியே வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பொது அறையில் விதி இல்லையென்றால் பலம் உள்ளவன் வைத்ததுதான் விதி. ஒரு பெண்ணின் படத்தைத் திருத்திப் பரப்புபவன், அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருடுபவன், வகுப்புக் குழுவில் சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்பவன், இவர்களிடமிருந்து காப்பாற்ற விதி வேண்டும். நமக்குத்தான் அதிகம் வேண்டும்.

தங்கை அனுப்பிய படிவத்தை நான் இரண்டு முறை படித்தேன். ஆபாசம் இருந்தது, திருட்டுப் படம் இருந்தது, விளையாட்டு இருந்தது, நிறுவனத்தின் நற்பெயர் இருந்தது. சாதி என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. முதலாண்டு வகுப்பு வாட்ஸப் குழுவில் 'கோட்டா' என்று எழுதிச் சிரிக்கும் பொம்மை போடுவது அந்தப் படிவத்தின்படி குற்றமே இல்லை. அதை எதிர்த்து அவர் எழுதினால் அது 'களங்கம்'.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2022-ல் கேரள உயர் நீதிமன்றம், பழங்குடியினப் பெண் ஒருவரை இழிவுபடுத்திக் காணொளி போட்டவருக்கு முன்ஜாமீன் மறுத்தபோது, இணையத்தில் போடுவதும் பொதுப் பார்வையில் செய்வதுதான் என்றது. பாதிக்கப்பட்டவர் நேரில் அங்கே இல்லை என்று தப்பிக்க முடியாது. உயர்கல்வி நிறுவனங்களில் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012-லேயே விதிமுறை வகுத்தது. கணினி அறைப் படிவத்தை எழுதியவர்களுக்கு இவை தெரியாது, அல்லது தேவைப்படவில்லை.

தங்கைக்குப் பதில்

கையெழுத்துப் போடுங்கள் தங்கச்சி. பாஸ்வேர்டு உங்களுக்கு வேண்டும். அந்த அறை உங்களுடையது. வெளியே நின்று விதியை மாற்ற முடியாது.

ஆனால் போடும் முன் படிவத்தின் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒவ்வொரு வரியையும் படித்துச் சொல்லுங்கள். அவர் கையெழுத்து கைநாட்டு மாதிரி வாங்கப்படக் கூடாது. அதற்குத்தான் நம் முன்னோர் பள்ளிக்கூடம் கேட்டார்கள்.

பிறகு நான்கைந்து பேராகச் சேர்ந்து முதல்வருக்கு ஒரு மனு எழுதுங்கள். தனியாக வேண்டாம். கணக்கைச் சோதிப்பதென்றால் யார், எந்தக் காரணத்துக்காக, யாருக்குத் தெரிவித்துவிட்டுச் செய்வார்கள்? 'களங்கம்' என்றால் என்ன? இணைப்பைத் துண்டிக்கும் முன் எங்கள் தரப்பைக் கேட்பீர்களா, மேல்முறையீடு யாரிடம்? சாதி, மதம், பாலினம் சொல்லி இழிவுபடுத்துவதை மீறல் பட்டியலில் சேர்ப்பீர்களா? வீட்டில் கணினி இல்லாதவர்களுக்காக மாலையிலும் விடுமுறையிலும் அறையைத் திறந்து வைப்பீர்களா? அடுத்த ஆண்டு விதிகளை எழுதும்போது மாணவர்களைக் கூட்டிப் பேசுவீர்களா? அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம், பத்து ரூபாய்தான்.

பதில் உடனே வராது. மகாடு தீர்ப்புக்குப் பத்து ஆண்டு ஆனது. ஆனால் மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள். நாளை உங்கள் பின்னால் வரும் தங்கைக்கு அது வேண்டும். குழாயைத் திறக்கப் பியூனுக்காகக் காத்திருந்த ஒரு சிறுவன்தான் பின்னால் இந்த நாட்டுக்கு அரசமைப்பு எழுதினான். இரண்டு பக்க விதிகளில் நாம் நான்கு வரி எழுதக் கூடாதா?

ஜெய் பீம்.